பனிவண்டியில் சூடேறும் கைப்பிடி: உள்ளங்கை சுடுகிறது, கட்டைவிரல் மரத்துப்போகிறது

டிசம்பர் 4 (வாசகர் கேள்வி)

ஸ்னோமொபைல் ஓட்டத் தொடங்கி எனக்கு இது இரண்டாவது பனிக்காலம். வண்டியோடு வந்த சூடேறும் கைப்பிடிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. சுவிட்சை உச்ச நிலையில் வைத்தால் உள்ளங்கை பொறுக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. ஆனால் அரை மணி நேரம் ஓடியதும் வலது கட்டைவிரலும், இரு கைகளிலும் விரல்களின் வெளிப்புறமும் மரத்துப்போகின்றன. கைப்பிடியின் வாட் போதவில்லை என்பதே என் முடிவு. கூடுதல் வாட் உள்ளவற்றை மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும் அல்லவா?

டிசம்பர் 4, இரவு

தீராது. உள்ளங்கை சுடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கைப்பிடி தருகிற வெப்பம் உள்ளங்கையோடும் விரல்களின் உட்பக்கத்தோடும் நின்றுவிடுகிறது. காற்றோ புறங்கையிலும் விரல் கணுக்களிலும் நேரே வந்து மோதுகிறது. 2001 ஆம் ஆண்டு முதல் கனடாவும் அமெரிக்காவும் பயன்படுத்திவரும் கணக்கின்படி, வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால், மூடாத தோல் மைனஸ் 23 டிகிரிக்கு நிகரான குளிரை உணரும். மைனஸ் 20 டிகிரியில் 50 கிலோமீட்டர் வேகமே அதை மைனஸ் 35 வரை கொண்டுபோய்விடும். அந்தக் கணக்கு முகத்தை வைத்துப் போடப்பட்டது. கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் காற்று படுகிற பக்கம் எவ்வளவு விரைவில் வெப்பத்தை இழக்கும் என்பது அதிலிருந்தே விளங்கும். உள்ளங்கைப் பக்கம் எத்தனை வாட் கூட்டினாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது; உங்கள் உள்ளங்கை வெந்துபோவதுதான் மிச்சமாகும்.

கட்டைவிரலின் கதை தனி. மோட்டார் சைக்கிளில் கைப்பிடியையே முறுக்குகிறோம். பனிவண்டியில் ஆக்சிலேட்டர் என்பது வலது கைப்பிடியை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோல். மற்ற நான்கு விரல்களும் சூடான கைப்பிடியைச் சுற்றிப் படுத்திருக்க, கட்டைவிரல் மட்டும் தனியே நீண்டு அந்த நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பல வண்டிகளில் நெம்புகோலுக்கென்று தனிச் சூடேற்றியும் தனிச் சுவிட்சும் உண்டு. உங்கள் வண்டியில் இருக்கிறதா, இருந்தால் சூடாகிறதா என்பதை முதலில் பாருங்கள். வண்டி நிற்கும்போது கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தால் போதும்.

டிசம்பர் 5

நேற்று கையுறையைப் பற்றி எழுதாமல் விட்டது பெரிய விடுதல். எனக்கு இந்தப் பாடம் ஒரு பனிக்காலம் முழுவதையும் விலையாகக் கேட்டது. கிடைத்ததிலேயே மிகத் தடிமனான கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு, கைப்பிடி சூடாகவே இல்லை என்று மாதக்கணக்கில் குறைபட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் வழியில் நின்று, எரிபொருள் மூடியைத் திறப்பதற்காகக் கையுறையைக் கழற்றியவன், தற்செயலாக வெறுங்கையால் கைப்பிடியைப் பற்றினேன். சுரீரென்று சுட்டது, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். வெளிக்குளிரை உள்ளே விடாத அதே பஞ்சு, கைப்பிடியின் சூட்டையும் உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

ஆகவே சூடேறும் கைப்பிடி உள்ள வண்டிக்கு உள்ளங்கைப் பக்கம் மெல்லிதாகவும், புறங்கைப் பக்கம் தடிமனாகவும், காற்று புகாததாகவும் இருக்கும் கையுறைதான் ஏற்றது. உங்கள் நிலைமை இதற்கு நேர்மாறாக இருக்கலாம் என்று தோன்றுகிறது: உள்ளங்கை சுடுகிறது என்றால் உங்கள் கையுறை இரு பக்கமும் மெல்லியதாக இருக்க வேண்டும்.

டிசம்பர் 9

புறங்கையைக் காப்பதற்கு நான் கண்டவற்றுள் மிகச் சிறந்தது ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் பொருத்தும் கைப்பைகள்தான். கைப்பிடியும் நெம்புகோலும் பைக்குள் இருக்கும். கையை உள்ளே நுழைத்துப் பற்றிக்கொள்ள வேண்டும். காற்று நின்றுவிடுவதோடு, கைப்பிடியிலிருந்து எழும் சூடு வெளியே சிதறாமல் பைக்குள்ளேயே தேங்குவதால் கட்டைவிரலுக்கும் அதில் பங்கு கிடைக்கிறது. எனக்கு இதற்குப் பிறகு சுவிட்சைக் கீழ்நிலையில் வைத்தாலே போதுமானதாக இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பைக்குள் கை வெதுவெதுப்பாக இருப்பதால் மெல்லிய கையுறையோடு, சில நேரம் கையுறையே இல்லாமல், ஓட்டும் பழக்கம் வந்துவிடும். வண்டி பனியில் புதைந்துபோய் இறங்கித் தோண்ட வேண்டிவந்தால் அந்தக் கை என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தடிமனான கையுறை ஒரு ஜோடி எப்போதும் மேலங்கிக்குள் இருக்கட்டும். பின்பெட்டியில் வைத்தால் மாட்டும்போது அதுவே பனிக்கட்டியாக இருக்கும்.

டிசம்பர் 10

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம், அதுவும் உயிரைப் பற்றியது. கைப்பையைப் பொருத்தியதும் எஞ்சினை இயக்குவதற்கு முன்பே ஹேண்டில்பாரை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஆக்சிலேட்டர் நெம்புகோலை அழுத்தி விட்டுப் பாருங்கள். விட்ட கணமே அது டக்கென்று திரும்ப வேண்டும். பையின் துணி நெம்புகோலில் சிக்கித் திரும்பாமல் நின்றால் வண்டி உங்களைக் கேட்காமல் பாய்ந்துவிடும். எஞ்சினை அணைக்கும் கயிற்றை உடலோடு மாட்டிக்கொள்ளாமல் ஓட்டுவதில்லை என்ற உறுதியும் வேண்டும். பைக்குள்ளிருந்து கையை எடுத்து அணைப்புச் சுவிட்சைத் தேட நேரம் இருக்காது.

டிசம்பர் 12

இன்னொரு வாசகர் இரும்புத்தூள் நிரப்பிய சூட்டுப் பொட்டலங்கள் தன் கையுறைக்குள் சூடாவதில்லை என்கிறார். அவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சூடாகும். இறுக்கமான கையுறைக்குள் திணித்தால் மூச்சுமுட்டி நின்றுவிடும். திறந்ததும் சில நிமிடம் காற்றில் ஆடவிட்டு, பிறகு புறங்கைப் பக்கத்தில் தளர்வாக வையுங்கள்.

டிசம்பர் 16

"மோட்டார் சைக்கிளில் இடது கைப்பிடி மட்டும்தான் சூடு குறைவாக இருக்கும், பனிவண்டியிலும் அப்படித்தானா?" என்ற கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத வேண்டும், ஏனெனில் வாட் பிரச்சினையின் பாதி இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

மோட்டார் சைக்கிளின் வலது கைப்பிடி, முறுக்குவதற்கு ஏதுவாக ஒரு பிளாஸ்டிக் குழாயின்மேல் அமர்ந்திருக்கிறது. அந்தக் குழாய் வெப்பத்தை எளிதில் கடத்தாது. இடது கைப்பிடி ஹேண்டில்பாரின் உலோகத்தின்மேலேயே அமர்ந்திருப்பதால் அதன் சூட்டை உலோகம் உறிஞ்சிக்கொள்கிறது. பனிவண்டியில் முறுக்கும் கைப்பிடியே இல்லாததால் இரண்டு பக்கமும் உலோகத்தின்மேல்தான். அதாவது உங்கள் சூடேற்றி தருகிற வெப்பத்தில் ஒரு பங்கு கைக்கு வராமல், குளிரில் விறைத்துக் கிடக்கும் முழு ஹேண்டில்பாருக்கும் போய்க்கொண்டிருக்கிறது. எஃகைவிட அலுமினியம் வெப்பத்தை மும்மடங்குக்கும் மேலாகக் கடத்தும் என்பதால், எடை குறைந்த அலுமினிய ஹேண்டில்பாருக்கு மாற்றியவர்கள் இந்த இழப்பை நன்றாகவே உணர்வார்கள்.

ஒட்டும் தகடு வகைச் சூடேற்றியை நீங்களே பொருத்துவதானால், உலோகத்தின்மேல் முதலில் சூட்டில் சுருங்கும் குழாயை ஏற்றி, அதன்மேல் தகட்டை ஒட்டி, அதற்குமேல் கைப்பிடியை ஏற்றுங்கள். நான் அப்படிச் செய்த பிறகு கைப்பிடி சூடாக எடுக்கும் நேரம் கண்கூடாகக் குறைந்தது. ஹேண்டில்பாரின் திறந்த முனையையும் ஒரு தக்கையால் அடைத்துவிட்டேன். குழாய்க்குள் காற்று ஓடுவது நின்றது.

டிசம்பர் 17

மேல்நிலை, கீழ்நிலை என்று சுவிட்சில் இருப்பது என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். என் வண்டியில் மேல்நிலையில் இரு கைப்பிடிகளும் பக்க இணைப்பில் இருக்கின்றன. கீழ்நிலையில் தொடரிணைப்புக்கு மாறுகின்றன. கீழ்நிலையில் வெப்பம் பாதியாகும்.

டிசம்பர் 18

பாதி என்று நேற்று எழுதியது தவறு. கால் பங்குதான். மனக்கணக்கை நம்பி எழுதியதால் வந்த பிழை இது, எனவே இப்போது எண்களோடு தருகிறேன்.

ஒவ்வொரு கைப்பிடியின் மின்தடையும் 8 ஓம், மின்னழுத்தம் 12 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். பக்க இணைப்பில் ஒவ்வொன்றுக்கும் முழு 12 வோல்ட் கிடைக்கும்: 144ஐ 8ஆல் வகுத்தால் 18 வாட். இரண்டும் சேர்ந்து 36 வாட், இழுக்கும் மின்னோட்டம் 3 ஆம்பியர். தொடரிணைப்பில் ஒவ்வொன்றுக்கும் 6 வோல்ட்தான் கிடைக்கும்: 36ஐ 8ஆல் வகுத்தால் 4.5 வாட். இரண்டும் சேர்ந்து வெறும் 9 வாட். மின்னழுத்தம் பாதியானால் வெப்பம் கால் பங்காகிறது என்பதால்தான் கீழ்நிலைக்குப் போட்டதும் பலருக்குக் கைப்பிடி அணைந்துவிட்டது போலத் தோன்றுகிறது.

எல்லா வண்டியும் இப்படி அல்ல. சிலவற்றில் ஒவ்வொரு கைப்பிடிக்குள்ளும் இரண்டு சூட்டுக் கம்பிகள் இருக்கும். சுவிட்ச் அவற்றுள் எது வேலை செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும். தொடரிணைப்பு உள்ள வண்டியில் ஒரு பக்கத்துக் கம்பி அறுந்தால் மேல்நிலையில் மறு பக்கம் சூடாகும், கீழ்நிலையிலோ இரண்டும் செத்துவிடும். இந்த அறிகுறியை நினைவில் வையுங்கள்.

டிசம்பர் 27

நினைவில் வையுங்கள் என்று எழுதிய ஒன்பதாம் நாள் எனக்கே அந்த அறிகுறி வந்தது. கீழ்நிலையில் இரண்டும் குளிர்ந்து கிடந்தன. மேல்நிலையில் வலது மட்டும் சூடானது. இடது கைப்பிடியின் இணைப்பைப் பிரித்து மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தேன். இரு கம்பிகளுக்கும் இடையே தொடர்பே இல்லை. பிறகு மீட்டர் முனைகளைப் பிடித்தபடியே, கைப்பிடியிலிருந்து கம்பி வெளியே வரும் இடத்தை விரல் நுனியால் மெல்ல வளைத்தேன். ஒரு கோணத்தில் 8.2 என்று காட்டியது. விரலை எடுத்ததும் மறைந்துவிட்டது. உறையைக் கீறிப் பார்த்தபோது செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறிந்து, கடைசியாக இரண்டே இழைகள் தலைமுடி போல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

காரணம் என் கைவேலைதான். பொருத்தும்போது கம்பியைப் பார்வைக்கு அழகாக, தொய்வே இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தேன். ஹேண்டில்பார் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்த ஒரே இடம் மடிந்து மடிந்து முறிந்திருக்கிறது. குளிரில் கம்பியின் உறை விறைத்துவிடுவதால் மடிப்பு இன்னும் கூர்மையாகும். இப்போது விரலிரண்டு நுழையும் அளவுக்கு ஒரு தளர்ந்த வளையம் விட்டு, வளையத்துக்கு அப்பால் கட்டியிருக்கிறேன்.

கைப்பிடியை மாற்றுவோர் இன்னொரு சோதனையையும் மறக்க வேண்டாம்: சூட்டுக் கம்பிக்கும் ஹேண்டில்பாரின் உலோகத்துக்கும் இடையே மீட்டர் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் உறை எங்கோ கிழிந்திருக்கிறது.

ஜனவரி 6

டிசம்பர் 16 அன்று சுருங்கும் குழாயை மிகவும் பரிந்துரைத்திருந்தேன். மூன்று வாரம் ஓட்டிய பின் அதைச் சற்று மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்வத்தில் இரண்டு அடுக்கு ஏற்றியிருந்தேன். கைப்பிடி பருமனாகிவிட்டது. பருத்த கைப்பிடியைப் பற்ற விரல்கள் கூடுதல் விசையோடு பிடிக்க வேண்டியிருப்பதால் இரண்டு மணி நேரத்தில் முன்கை கடுக்கிறது. நெம்புகோலை எட்டக் கட்டைவிரல் இன்னும் அதிகமாக நீள வேண்டியிருக்கிறது. இறுகப் பற்றிய விரலில் இரத்தம் தாராளமாக ஓடாது என்பதால், சூட்டுக்காகச் செய்த வேலை குளிருக்கே வழிவிட்டது. ஓர் அடுக்கை உரித்துவிட்டேன். ஓர் அடுக்கு போதும்; உங்கள் கை சிறியதானால் அதுவும் வேண்டுமா என்று யோசியுங்கள்.

ஜனவரி 7

பேட்டரி இல்லாத பழைய வண்டியில் புதிய கைப்பிடி பொருத்தலாமா என்று கேட்டவருக்கு: பொருத்தலாம், ஆனால் எந்த வகை என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். அத்தகைய வண்டியில் எஞ்சினோடு காந்தச் சக்கரம் சுழல, அசையாமல் நிற்கும் கம்பிச்சுருளான ஸ்டேட்டர் தருவது மாறுதிசை மின்னோட்டம். வெறும் சூட்டுக் கம்பிக்கு அது எந்தத் திசை என்ற கவலை இல்லை. எதில் இணைத்தாலும் சூடாகும். ஐந்து நிலை, பத்து நிலை என்று பொத்தானோடு வரும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் நேர்திசை மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை இதில் இணைத்தால் ஒன்று வேலை செய்யாது, அல்லது எரிந்துபோகும்.

ஸ்டேட்டரின் திறன் எஞ்சின் சுழற்சியோடு ஏறி இறங்கும். என் பழைய வண்டியில் நின்ற நிலையில் 9 வோல்ட்தான் அளந்தேன். 8 ஓம் கைப்பிடிக்கு அது 10 வாட். 12 வோல்ட்டில் கிடைக்கும் 18 வாட்டில் ஏறத்தாழ பாதி. நின்றுகொண்டே கையைச் சூடாக்கிவிட்டுக் கிளம்பலாம் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். பேட்டரி உள்ள வண்டியில் எஞ்சின் அணைந்த பின்பும் கைப்பிடிகள் 3 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. எஞ்சின் சாவியோடு சேர்ந்து துண்டிக்கப்படும் இணைப்பிலிருந்து, தனி ஃபியூஸ் வைத்து எடுங்கள்.

ஜனவரி 15

எல்லாம் செய்தும் கை குளிர்கிறது என்று எழுதிய வாசகர், மேலங்கிக்குள் ஒரே ஒரு பருத்திச் சட்டை அணிவதாகவும் குறிப்பிட்டிருந்தார். விடை அந்த வரியிலேயே இருக்கிறது. உடலின் நடுப்பகுதி குளிர்ந்தால், இதயத்தையும் மூளையையும் காப்பதற்காக உடல் விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரலில் வெப்பம் உண்டாக்கும் அளவுக்குத் தசையும் கிடையாது. இரத்தம் கொண்டுவருவதே அதற்கு வெப்பம். மார்பும் கழுத்தும் தலையும் குளிர்ந்துகொண்டிருக்கும்போது கைப்பிடியால் விரலைக் காப்பாற்ற முயல்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதாகும். வியர்வையை உறிஞ்சித் தேக்கும் பருத்தியை விட்டுவிட்டு, உடலோடு ஒட்டிய கம்பளி ஒன்றை அணிந்து பாருங்கள். மணிக்கட்டையும் பாருங்கள்: கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடையே விரலகலத் தோல் தெரிந்தாலும், விரலுக்குப் போகும் இரத்தம் அங்கேயே குளிர்ந்துதான் போகும்.

குளிரில் விரல் விறைத்த பிறகு திடீரென்று சற்று நேரம் சூடாகி, மீண்டும் குளிர்வதைச் சிலர் கவனித்திருக்கலாம். சுருங்கிய குழாய்கள் இடையிடையே விரிந்து மூடுவதைத் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் 1930இல் விவரித்தார். எல்லோருக்கும் இது ஒரே அளவில் நிகழ்வதில்லை. அந்தச் சிறு வெதுவெதுப்பை நம்பி, கை பழகிவிட்டது என்று ஓட்டத்தை நீட்டிக்க வேண்டாம்.

ஜனவரி 22

மரத்துப்போன கையைச் சூடான கைப்பிடியில் அழுத்திப் பிடித்தால் விரைவில் சரியாகும் என்ற அறிவுரையை இங்கே ஒருவர் எழுதியிருப்பதைக் கண்டு கவலைப்படுகிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உணர்வற்ற தோலுக்குச் சுடுவது தெரியாது. மோரிட்ஸும் ஹென்ரிக்ஸும் 1947இல் வெளியிட்ட ஆய்வில், 44 டிகிரி செல்சியஸ் சூடுகூட ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டால் தோலைப் புண்ணாக்கும் என்று காட்டினார்கள். சூடு ஏற ஏற அந்த நேரம் வெகு வேகமாகக் குறையும். வெறும் மரத்தல் என்றால் கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோல் வெளுத்து, மெழுகு போல, அழுத்தினால் கட்டியாக இருந்தால் அது பனிக்கடி. தேய்க்கவே கூடாது, உறைந்த திசு உள்ளே கிழியும். மறுபடி உறைந்துபோகும் அபாயம் இருக்கும்வரை உருக வைக்கவும் கூடாது, ஏனெனில் உருகி மீண்டும் உறைவது முதல் உறைதலைவிடக் கேடு. பாதுகாப்பான இடம் சேர்ந்த பின் 37 முதல் 39 டிகிரி வரையுள்ள நீரில் அமிழ்த்தி, மருத்துவரிடம் போக வேண்டும்.

சிறு குளிருக்கே விரல்கள் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவப்பவர்கள், 1862இல் மொரீஸ் ரேனோ விவரித்த நிலை தங்களுக்கு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அவர்களுக்குக் கைப்பிடிச் சூடு வசதிக்கான பொருள் அல்ல, தேவை.

ஜனவரி 23

ஈரத்தைப் பற்றி ஒரு சொல். கையுறையில் பனித்தூள் ஒட்டியிருக்கும்போது சூடான கைப்பிடியைப் பற்றினால் அது உருகி, கையுறையின் உள்ளங்கைப் பக்கத் தோலுக்குள் ஊறிவிடும். ஓடும்வரை தெரியாது. தேநீர் குடிக்க நின்று, கையுறையைக் கழற்றி இருக்கைமேல் வைத்தேன். அதிலிருந்து ஆவி பறந்தது. கால்மணி நேரம் கழித்து எடுத்தபோது பலகை போல விறைத்து, விரல் நுழைய மறுத்தது. பற்றுவதற்கு முன் தட்டி உதறுங்கள். நிற்கும்போது கழற்றினால் மேலங்கிக்குள் வையுங்கள்.

பிப்ரவரி 12

டிசம்பர் 4 அன்று கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். கைப்பைகளைப் பொருத்தி, புறங்கை தடித்த கையுறைக்கு மாறி, முன்கண்ணாடியையும் உயரமானதாக மாற்றியிருக்கிறார். விரல்கள் எட்டும் நன்றாக இருக்கின்றன, சுவிட்ச் கீழ்நிலைதான். இடது கட்டைவிரலுக்கும் குறையில்லை. வலது கட்டைவிரல் மட்டும் இன்னும் குளிர்கிறது, நெம்புகோலின் சூடேற்றியோ மீட்டரில் சரியான ஓம் காட்டுகிறது என்கிறார்.

மீட்டர் சரியென்றால் கம்பி சரி, அவ்வளவுதான். நெம்புகோலின் ரப்பர் உறையை நகத்தால் மெல்ல நெம்பி, உள்ளே பார்க்கச் சொன்னேன். இன்று காலை பதில் வந்தது: தகட்டின் பசை விட்டுப்போய், அது நெம்புகோலின் முன்பக்கம் நோக்கி, காற்று அடிக்கும் பக்கம் வழுகிக் கிடந்திருக்கிறது. விரல் படும் முகத்தில் சூடே இல்லை. ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, சூடு தாங்கும் பசையால் விரல் படும் பக்கத்தில் ஒட்டி, ஓர் இரவு முழுவதும் நூலால் இறுகச் சுற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பசை காய்ந்ததும் ஆக்சிலேட்டர் திரும்புகிறதா என்ற சோதனையை மறுபடி செய்துவிட்டே எஞ்சினை இயக்குங்கள்.